உச்சிவெய்யிலில் ஒரு கமரா: யாழ்ப்பாணக் குறிப்புகள்

புதன், இணுவில்

புகைப்படம் பழகப் போகிறேன் என்றால் எல்லாரும் முதலில் சொல்வது, காலையிலும் பின்னேரத்திலும் எடு, நடுப்பகலில் கமராவை மூடி வை என்பதுதான். அந்தப் புத்திமதி பெரும்பாலும் குளிர்நாடுகளிலிருந்து வந்தது. அங்கே சூரியன் சாய்ந்து ஏறிச் சாய்ந்து இறங்கும், கோடையில் அந்த மஞ்சள் வெளிச்சம் ஒரு மணித்தியாலம் போல நிற்கும். யாழ்ப்பாணம் பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்துப் பாகைகூட இல்லை. இங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறுகிறது. அடிவானத்திலிருந்து ஆறு பாகை உயர ஏறக்குறைய 25 நிமிடம், அதற்குப் பிறகு வெய்யில் வெய்யில்தான். அந்த 25 நிமிடத்தை மட்டும் நம்பி வந்தால் மிச்ச நேரம் முழுக்கப் புட்டும் சொதியும் சாப்பிட்டுவிட்டு விறாந்தையில் படுத்துக் கிடக்கலாம் (மோசமான திட்டம் என்று சொல்லமாட்டேன்). எனக்கு இந்த முறை நடுப்பகலோடுதான் வேலை.

வருசப்பிறப்பு லீவோடு இன்னும் கொஞ்ச நாள் சேர்த்து எடுத்துக்கொண்டு சின்னம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். கையில் பழைய நிக்கான், 35 எம்எம் லென்ஸ். சின்ன சென்சாரில் அது ஏறக்குறைய 50 எம்எம் போலப் பார்க்கும், அதாவது எதையும் இழுத்தும் காட்டாது, விரித்தும் காட்டாது. சூம் லென்ஸைக் கொழும்பிலேயே வைத்துவிட்டு வந்தேன். சூம் கையில் இருந்தால் கால் நடக்காது. ஒரு நாளைக்கு ஒரு பயிற்சி, இரவில் உட்கார்ந்து எழுதுவது, இவ்வளவுதான் ஏற்பாடு.

இன்றைக்கு முட்டை. வெள்ளை முட்டை, வெள்ளைப் பீங்கான். அறை யன்னலில் ஒரு கதவை மட்டும் திறந்து, பக்கத்து மேசையில் வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். யன்னல் பக்கம் வெளிறிப்போய், அங்கிருந்து மெல்ல மெல்ல இருண்டு, மறுகரைக்குக் கொஞ்சம் முன்னால்தான் ஆக இருட்டான பட்டை வருகிறது. அதற்கப்பால் ஓரத்தில் திரும்பவும் லேசாக வெளிக்கிறது, பீங்கானில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் அது. நிழல் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போகிற இடத்துக்குள் இவ்வளவு நடக்கிறது. சின்னம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, “என்ன பிள்ளை, முட்டையைப் பொரிக்காமல் படம் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்?” என்று கேட்டுவிட்டுப் போனா.

அப்புறம் சித்தப்பாவின் பழைய வேட்டி ஒன்றை வாங்கி யன்னலுக்குக் குறுக்கே கட்டினேன். கத்தியால் வெட்டினது போலிருந்த நிழல் ஓரம் உடனே கரைந்துவிட்டது. வேட்டி வெளிச்சத்தைக் குறைக்கிறது என்பதைவிட, வெளிச்சம் புறப்படுகிற இடத்தைப் பெரிதாக்குகிறது என்பதுதான் விசயம். வெளியே இருக்கிற சூரியன் நம் கண்ணுக்குச் சின்னப் பொட்டு, அதனால் நிழல் கூர்மை. வேட்டி முழுக்க ஒளிர்ந்தால் அதுவே பெரிய விளக்கு. ஸ்ரூடியோக்காரர்கள் ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற சொஃப்ட்பொக்ஸும் செய்வது இதையேதான். மேசையை யன்னலிலிருந்து இரண்டு மடங்கு தூரத்துக்கு நகர்த்தினால் வெளிச்சம் பாதியாகும் என்றுதான் மனம் கணக்குப் போடும். ஆனால் சின்ன யன்னல் என்றால் கால்வாசிக்குக் கிட்டப் போய்விடும், ஷட்டர் வேகத்தை இரண்டு படி (ஒரு படி என்றால் பாதி) இறக்க வேண்டிவரும். கட்டிலில் இருக்கிறவரைப் படம் எடுப்பதற்கும் யன்னலடிக்கு வரச்சொல்லி எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அந்தக் கணக்குக்குள் இருக்கிறது.

மத்தியானம் பன்னிரண்டு பத்துக்கு முற்றத்தில் இறங்கினேன். யாழ்ப்பாணத்துக்கு நேர் மேலே சூரியன் வருடத்தில் இரண்டு தடவை வரும், ஒன்று சித்திரை பிறந்த கையோடு, மற்றது ஆவணியில். தும்புத்தடியை நிமிர்த்திப் பிடித்தால் தடிக்கு நிழலே இல்லை, தும்புக்கு மட்டும் காலடியில் ஒரு கறுப்புத் திட்டு. சித்தப்பாவை அதே இடத்தில் நிற்கவைத்து எடுத்தால் நெற்றியும் மூக்கும் பளபளக்க, கண் இரண்டும் குழியாகிவிட்டது. விறாந்தை விளிம்புக்கு உள்ளே ஓரடி வரச் சொன்னேன். தலைக்கு மேல் ஓடு வந்து உச்சிவெளிச்சத்தை மறைக்க, முற்றத்து வெள்ளை மணலில் பட்ட வெய்யில் கீழிருந்து முகத்துக்கு ஏறியது, கண்ணுக்குள் ஒரு பொட்டு வெளிச்சம்கூட வந்துவிட்டது. அதே மனிதர், அதே நிமிடம், ஓரடி வித்தியாசம். நடுப்பகலில் படம் எடுக்க முடியாது என்கிறவர்கள் விறாந்தை இல்லாத வீட்டில் இருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொன்று. மாமரத்தடியில் விழுகிற வெளிச்சப் பொட்டுகள் எல்லாம் வட்டமாக இருக்கும், இலை இடுக்கு எந்த வடிவில் இருந்தாலும். ஒவ்வொரு இடுக்கும் ஊசித்துளைக் கமரா மாதிரி வேலை செய்து சூரியனின் உருவத்தையே நிலத்தில் விழுத்துகிறது. சூரிய கிரகணம் நடக்கும்போது அந்தப் பொட்டெல்லாம் பிறையாகிவிடும். படத்துக்கு இதனால் பெரிய பிரயோசனம் இல்லை, ஆனால் அரைமணித்தியாலம் அதிலேயே போய்விட்டது.

வியாழன், நூலகம், கோட்டை

வெள்ளைக் கட்டடத்தை வெள்ளையாக எடுப்பது இன்றைய பாடம். கமராவுக்குள் இருந்து வெளிச்சத்தை அளக்கிற மீற்றருக்கு வெள்ளையும் தெரியாது கறுப்பும் தெரியாது, முன்னால் எது நின்றாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். பனிமலையைக் காட்டினாலும் சாம்பல், எருமைக் கூட்டத்தைக் காட்டினாலும் சாம்பல். யாழ் பொது நூலகத்தின் முன்னால் நின்று கமரா சொன்னபடி எடுத்தால் மாடமும் தூணும் அழுக்கு நிறத்தில் வந்தன. 1959இல் திறந்து, 1981இல் மே முடிந்து ஜூன் பிறந்த இரவில் சுமார் 97,000 நூல்களோடும் சுவடிகளோடும் எரிந்து, திருத்திக் கட்டி 2003இல் திரும்பத் திறந்த கட்டடம் இது. அதைச் சாம்பலாகக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. எக்ஸ்போஷர் ஈடுசெய்யும் பொத்தானை ஒரு படி கூட்டினேன், பிறகு இன்னும் மூன்றிலொரு படி. வெள்ளை வெள்ளையாயிற்று, சரஸ்வதி சிலைக்குப் பின்னாலிருக்கிற சுவரின் வேலைப்பாடும் அழியவில்லை. அதற்கு மேலே கூட்டினால் சுவர் வெறும் கடதாசியாகிவிடும், திரையில் ஹிஸ்டோகிராம் (இருட்டு இடது பக்கம், வெளிச்சம் வலது பக்கம் என்று காட்டுகிற வரைபடம்) வலது கரையில் முட்டுவதைப் பார்த்தாலே தெரியும். கறுப்புக்கு இதையே மறுபக்கம் செய்ய வேண்டும். கறுப்பு நாய், கறுப்புக் கார், முதுகு கறுத்த எருமை எல்லாவற்றுக்கும் ஒரு படி குறை.

மீற்றரே வேண்டாம் என்கிறவர்களுக்குப் பழைய ஃபிலிம்காரர்களின் கணக்கு இருக்கிறது: நல்ல வெய்யிலில் லென்ஸ் துவாரம் எஃப்/16, ஐஎஸ்ஓ (கமரா வெளிச்சத்தை உணர்கிற அளவு) எவ்வளவோ அதன் தலைகீழ் ஷட்டர். ஐஎஸ்ஓ 100 என்றால் ஏறக்குறைய 1/100 செக்கன். இந்த ஊர் வெய்யிலுக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

மணிக்கூட்டுக் கோபுரத்தை வழியில் பார்த்தேன், வயர்கள் குறுக்கே போகின்றன, விட்டுவிட்டேன்.

பின்னேரம் கோட்டை. போர்த்துக்கேயர் தொடங்கி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோணமாக விரித்துக் கட்டியது. சுவர் பெரும்பாலும் முருகைக்கல். நாலு மணிக்கு முன்னால் அது வெறும் பழுப்பு மதில். ஐந்தரைக்கு வெய்யில் சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வரும்போது ஒவ்வொரு கல்லிலும் இருக்கிற பொத்தலும் வரியும் எழும்பி நிற்கிறது. ஒரு கல்லில் பவளப்பூச்சி கட்டின நட்சத்திர வரிசையை விரல்நுனியால் எண்ணலாம். சொரசொரப்பைக் காட்ட வேண்டுமா, வெளிச்சம் பக்கத்திலிருந்து வரட்டும். மறைக்க வேண்டுமா, முன்னாலிருந்து வரட்டும். கலியாணவீட்டுப் படக்காரர்கள் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிப்பது ஏனென்று இப்போது விளங்குகிறது.

வாசல் குகை போல நீண்டு வளைந்த வழி. உள்ளே இருட்டில் நின்று வெளியே பார்த்து எடுத்தால் வளைவே சட்டமாகிவிடும். எல்லாரும் எடுக்கிற படம்தான், நானும் எடுத்தேன். ஆனால் சட்டத்துக்குள் ஏதாவது நடக்க வேண்டும், இல்லாவிட்டால் அது ஓட்டையின் படம். ஒரு பெடியன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்வரை காத்திருந்தேன். உள்ளே 1706இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயம் போரோடு கல்லுக் குவியலாகிவிட்டது. அதை எப்படி எடுப்பது என்று எனக்கு இன்னும் ஒரு முடிவில்லை. குவியலைக் குவியலாக மட்டும் எடுத்தால் எந்த ஊரிலும் இருக்கிற குவியல்.

வெள்ளி, செம்மண்

சிவப்பு இல்லாத எதையும் எடுப்பதில்லை என்று காலையில் முடிவெடுத்துக்கொண்டு சித்தப்பாவின் சைக்கிளில் உரும்பிராய், கோப்பாய்ப் பக்கம். வருசம் முழுக்க ஓடுகிற ஆறே இல்லாத குடாநாடு இது, சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்குகிற தண்ணீரைக் கிணற்றிலிருந்து இறைத்துத்தான் தோட்டம் செய்கிறார்கள். தண்ணீர் பாய்ந்த பாத்தியில் செம்மண் கறுத்துச் சிவந்து, காய்ந்த வரம்பில் அதே மண் வெளிறி, ஒரே நிறத்துக்குள்ளேயே வெவ்வேறு நிறம் காட்டும். நிறத்தை ஆழமாக்க மென்பொருளில் ஸ்லைடரை இழுப்பதைவிட, தோட்டக்காரர் இறைத்து முடிக்கும்வரை காத்திருப்பது நல்லது.

சிவப்பு மண்ணில் வெங்காயத்தாள் பச்சை. எதிரெதிர் நிறங்கள், கண்ணில் அடித்துக்கொண்டு நிற்கும். எடுத்த படத்தைக் கமராவிலேயே கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்த்தேன். மண்ணும் தாளும் ஒரே சாம்பலாகி ஒன்றையொன்று விழுங்கிவிட்டன! நிற வேறுபாடு வேறு, வெளிச்ச வேறுபாடு வேறு என்று எத்தனையோ இடத்தில் வாசித்திருக்கிறேன், வெங்காயப் பாத்திதான் காட்டித்தந்தது. கறுப்பு வெள்ளையில் எடுக்கிறவர்கள் நிறத்தை மறந்து எது வெளிப்பு எது இருட்டு என்று மட்டும் பார்ப்பது இதனால்தான். கொழும்பில் நாங்கள் நாடகம் பார்க்கப் போகிற லயனல் வென்ட் அரங்கு ஒரு புகைப்படக்காரரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1944இல் இறந்துபோன அந்த மனிதரின் கறுப்பு வெள்ளைப் படங்களில் தோலில் விழுகிற வெளிச்சத்தை ஒருதரம் தேடிப் பாருங்கள்.

இன்னொரு வேடிக்கை. பாத்திக்குள் குனிந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்த அம்மா ஒருவரைக் கேட்டுவிட்டு எடுத்தேன். வெள்ளைச் சட்டை, தலையில் வெள்ளைத் துணி. சட்டையின் தோள் வெள்ளையாகவும் வயிற்றுப்பக்கம் செம்பு நிறமாகவும் வந்திருந்தது. வெய்யில் மண்ணில் பட்டு மண்ணின் நிறத்தையும் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறது, நாடிக்குக் கீழேயும் அதே சிவப்பு. நிறத்தைத் தானே சரிக்கட்டுகிற கமராவின் ஓட்டோ வைற் பலன்ஸ் இதைப் பிழையென்று நினைத்துக் கழுவிவிடப் பார்க்கும். அதை நிறுத்தி வெய்யில் அடையாளத்தில், ஏறக்குறைய 5500 கெல்வினில், பூட்டி வைத்தேன். மரநிழலுக்குள் போனால் நீலம் ஏறும், அப்போது நிழல் அடையாளத்துக்கு மாற்றலாம், மாற்றாமல் நீலமாகவே விட்டாலும் பாதகமில்லை. நிழல் உண்மையாகவே நீலம்தான், வானத்து வெளிச்சம் அது.

வானத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்த மாதத்தில் பத்து மணிக்குப் பிறகு அது வெறும் வெள்ளை. வெட்டிவிடுங்கள். கமராவைக் கொஞ்சம் தாழ்த்தினால் படத்தின் தரம் இரண்டு மடங்காகும், நம்பலாம். பனைமரம் மட்டும் விதிவிலக்கு, அதற்கு வானம் வேண்டும்.

பின்னேரம் நல்லூர். வெள்ளிக்கிழமை என்றபடியால் சனம். கோவிலுக்குள் படம் எடுக்க விடமாட்டார்கள், அது நல்லதுதான், உள்ளே போனால் கும்பிடலாம். வெளியே சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட மதில், கர்ப்பூரச் சட்டி, தட்டில் செவ்வரத்தை. நிறையச் சிவப்பு இருக்கிற இடத்தில் சிவப்பைத் தேடுவது கஷ்டம் என்று கண்டுபிடித்தேன், எல்லாமே கூப்பிடும். கடைசியில் நன்றாக வந்தது ஒரு சின்னப் பெண்ணின் குதிக்காலில் இருந்த மருதாணி. படம் முழுக்கச் சாம்பல் மணல், மூலையில் அந்தச் செம்மை.

சனி, பாசையூர்

விடிய முன்னம் மீன் சந்தை. ஞாயிறு என்றால் தேவாலயத்தில் பூசைநாள், தொழிலுக்குப் போகிறவர்கள் குறைவு, அதனால் இன்றைக்கே. இருட்டுக்குள் டியூப் லைட், ஐஎஸ்ஓ 3200. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், விளக்கு செக்கனுக்கு நூறு தடவை துடிக்கும். ஷட்டரை 1/500 என்று வேகமாக வைத்தால் படத்துக்குக் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழக்கூடும், நிறமும் படத்துக்குப் படம் மாறும். 1/100 அல்லது 1/50 வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் 1/50இல் ஏலம் கூறுகிறவரின் கை கரைந்துபோகிறது. கரையட்டும், முகம் அசையாமல் இருந்தால் போதும். கரைந்த கைதான் ஏலம்.

வரிசையாகக் கூறு போட்டு வைத்திருக்கிறார்கள், விளைமீன், பாரை, கணவாய், கயிறு கட்டிய நீலக்கால் நண்டு. பாரையின் வயிறு கண்ணாடி மாதிரி, விளக்கு அப்படியே தெரிகிறது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பிரயோசனமில்லை, நான் அரை அடி தள்ளி நின்றதும் பிரதிபலிப்பு விலகிச் செதில் தெரிந்தது.

கேட்டுவிட்டு எடுப்பதா, எடுத்துவிட்டுச் சிரிப்பதா என்று படக்காரர்களுக்குள் ஓயாத சண்டை. நான் கேட்கிற கட்சி. “அண்ணை, ஒரு படம் எடுக்கட்டோ?” “என்னையோ மீனையோ?” “ரெண்டையும்.” “அப்ப தங்கச்சி, மீனை வாங்கு, என்னைச் சும்மா எடு.” ஒரு கூறு கணவாய் வாங்கினேன். அதற்குப் பிறகு நான் அங்கே நிற்பதையே எல்லாரும் மறந்துவிட்டார்கள், நல்ல படமெல்லாம் அப்போதுதான் வந்தது. கேட்டால் இயல்பு கெட்டுவிடும் என்கிறவர்கள் கேட்ட பிறகு பத்து நிமிடம் நிற்பதில்லை.

கணவாயை வீட்டில் கொடுத்துவிட்டு (சின்னம்மாவின் பார்வையில் இந்தப் பயணத்தின் ஒரே உருப்படியான வேலை) குருநகர் ஒழுங்கைகள். நீலச் சுவர் ஒன்றைத் தெரிந்துகொண்டு அதன் முன்னால் குந்தினேன். இடத்தை முதலில் கட்டி வைத்துவிட்டு ஆளுக்குக் காத்திருப்பது, பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே பிரெசோன் காலத்திலிருந்து தெருப்படக்காரர்கள் செய்கிற வேலை. சுவரின் மூன்றிலொரு பங்கில் பைப் ஒன்று, மற்றப்பக்கம் வெறுமை. அந்த வெறுமைக்குள் யார் வருகிறார்கள் என்பதுதான் படம். ஒரு கோழி, பாண்காரர், திரும்பவும் அதே கோழி. மஞ்சள் வாளியோடு ஒரு அக்கா வந்தா, நீலத்துக்கு மஞ்சள் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. மூன்றிலொரு பங்கு விதியைக் கட்டளையாக எடுக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, ஆனால் ஆள் எந்தப் பக்கம் பார்த்து நடக்கிறாரோ அந்தப் பக்கத்தில் இடம் விடுவது மட்டும் எப்போதும் வேலை செய்கிறது.

பின்னேரம் வீதியோரம் நின்று பானிங். ஷட்டர் 1/30, ஓடுகிற வண்டியோடு கமராவையும் இடுப்பிலிருந்து திருப்பிக்கொண்டே அமத்த வேண்டும். வண்டி தெளிவாகவும் பின்னால் இருப்பது கோடாகவும் வரும். இதற்கு யாழ்ப்பாணம் மாதிரி ஊர் இல்லை. சைக்கிள்கள் சரியான வேகத்தில் ஓடும், இடைக்கிடை பழைய மொரிஸ் மைனரோ ஒஸ்டினோ பளபளவென்று வரும். நிறையத்தை அழிக்க வேண்டியிருக்கும், அது எல்லாருக்கும் அப்படித்தான்.

ஞாயிறு, நயினாதீவு

பண்ணைப் பாலம் தாண்டினால் இரண்டு பக்கமும் கடல், மேடு பள்ளம் எதுவுமில்லை. தட்டையான ஊரைப் படமெடுக்கிறவருக்கு ஒரேயொரு கேள்விதான், அடிவானக் கோடு எங்கே. நடுவில் வைத்தால் தண்ணீரும் வானமும் சம பங்கு, இரண்டும் ஒன்றும் சொல்லாது. இன்றைக்கு முகில் இருந்தபடியால் கோட்டைக் கீழே இறக்கி வானத்துக்குப் பெரும்பங்கு கொடுத்தேன். ஒரு கொக்கோ மீன்பிடிக் களங்கண்டித் தடியோ போதும், படம் நிறைந்துவிடும்.

புங்குடுதீவில் கூரை போன வீடுகள். சுவரில் ஆலங்கன்று, தூணில் இன்னும் பூவேலை. பஸ்ஸில் இருந்த இரண்டு பேர் இறங்கி எடுத்துக்கொண்டு வந்தார்கள். நான் இறங்கவில்லை. கனடாவிலோ சுவிஸிலோ அந்த வீட்டுக்காரர் இருக்கக்கூடும். தன் குசினியைக் கலைப்படமாக யாரோ போட்டிருப்பதைப் பார்த்தால் அவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தால் கமரா எழும்பமாட்டேன் என்கிறது. ஆவணத்துக்காக எடுப்பது வேறு விசயம், அப்படியென்றால் ஊர், ஒழுங்கை, திகதி எல்லாம் எழுதி வைக்க வேண்டும்.

குறிகட்டுவானில் படகேறினால் உள்ளே கும்மிருட்டு, வாசலில் கண் கூசுகிற கடல். இரண்டையும் ஒரே படத்தில் காட்டக் கமராவால் முடியாது, ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். கடலுக்கு அளந்தேன். உள்ளே இருந்தவர்கள் கறுப்பு உருவங்களாகி, ஒரு பாட்டியின் மூக்குத்தி மட்டும் மின்னியது.

நாகபூசணி அம்மனைக் கும்பிட்டுவிட்டு இறங்குதுறைக்கு வந்தபோது பின்னேரம், சூரியன் கோபுரத்துக்குப் பின்னால். தீவிலிருக்கிற புத்த விகாரைக்கு வந்த சிங்களக் குடும்பம் ஒன்று ஃபோனை நீட்டி “நங்கி (தங்கச்சி), போட்டோ” என்றது, கோபுரமும் வரவேணும் என்று கையால் காட்டி. நேரே எடுத்தால் முகமெல்லாம் கறுக்கும். தரிப்பிடக் கூரையின் விளிம்புக்கு அவர்களைக் கூட்டிவந்து, வெள்ளைச் சுவர் ஒன்றுக்கு முகம் காட்டி நிற்கவைத்து, முகத்தைத் தொட்டு வெளிச்சம் பூட்டி எடுத்தேன். எல்லார் முகமும் அழகாக வந்திருந்தது. அந்த அம்மா ஃபோனை வாங்கி விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, கோபுரத்தின் கலசம் வெட்டுப்பட்டிருப்பதைக் காட்டி, இன்னொன்று எடுக்கச் சொன்னா. தரையில் குந்தியிருந்து கலசத்தோடு எடுத்துக் கொடுத்தேன். படகுக்காரர் ஹோர்ன் அடித்துவிட்டார், ஓடவேண்டியிருந்தது.